தகரக் கதவும் என் வயிறும்

வயிற்றைப் பற்றிப் பேச நமக்கு இனி என்ன கூச்சம்? ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. ஒன்றாகப் படித்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது சந்தித்துக்கொண்டால் முதலில் பிள்ளைகள் பேச்சு, அடுத்து முட்டிவலி, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காலையில் ஒழுங்காகப் போகிறதா என்ற விசாரணை. நான் குரலைத் தாழ்த்தாமலே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒழுங்காகப் போவதில்லை. ஒன்பது வயதிலிருந்தே போவதில்லை. அந்த ஒன்பது வயதில் வந்த ஒரு ஆடி மாதத்தைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். அந்த மாதம் நான் செய்த ஒரு காரியத்தைப் போன மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளியில் மதியம் நீங்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்ளும்போது, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தின்றவள். யாராவது தொட்டால் தொட்ட இடத்தைப் பாவாடையால் துடைத்துக்கொள்பவள். மணி அடிக்கும் முன்பே காதைப் பொத்திக்கொள்பவள். திமிர் பிடித்தவள் என்று எனக்கு நீங்கள் பெயர் வைத்திருந்தது தெரியும். கோபமில்லை. எனக்கே என்னைப் பற்றி வேறு பெயர் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் என் பேத்திக்குப் பேச்சு வரவில்லை என்று பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். குழந்தை ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுமா, சத்தத்துக்குப் பயப்படுமா, வெளிக்குப் போகாமல் அடக்கி வைக்குமா என்று அவர் வரிசையாகக் கேட்டார். என் மகள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் ஒவ்வொரு கேள்விக்கும் என்னையறியாமல் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் எனக்கும் தனியாகக் கேள்விகள், பரிசோதனைகள். கடைசியில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள், பேத்திக்கும் எனக்கும். இப்படிப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு வயிறும் சேர்ந்து படுத்தும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். நான் என் அத்தையை நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால், மலையைப் பார்த்த கடைசித் தெருவில் இருந்தது. தெரு முடிகிற இடத்தில் பாறைகள் ஆரம்பிக்கும். நைனா தாலுகா ஆபீசில் எழுத்தர். எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். வீட்டில் நைனா, அம்மா, நான், அத்தை. அத்தை நைனாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

என் வயிறு என்னிடம் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியாது. இன்றைக்கும் புரியாது. பசித்தாலும், வெளிக்கு வந்தாலும், பயந்தாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். தொப்புளுக்குக் கீழே ஏதோ ஒன்று இறுகும். அது என்ன என்று நான் நினைத்து நினைத்துக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். குழம்பு ஊற்றிய சோற்றைப் பார்த்தால் பயம். கொழகொழவென்று எது வாய்க்குள் வந்தாலும் தொண்டை மூடிக்கொள்ளும். தட்டில் ஒன்றை ஒன்று தொட்டால் இரண்டையும் தின்ன முடியாது. அத்தை மட்டும் என் சோற்றைத் தனியாக எடுத்து, தட்டில் பரப்பி, ஆறவிட்டு, ஓரத்தில் உப்பு வைத்துக் கொடுப்பாள். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

வெளிக்குப் போவதும் அத்தையோடுதான். தெருப் பெண்கள் விடியற்காலையில் கூட்டமாகப் பாறைப் பக்கம் போவார்கள். வரிசையாகக் குந்திக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். அந்தப் பேச்சுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் வராது. மேலே குரங்கு வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அத்தை எனக்கென்று ஒரு இடம் கண்டுபிடித்தாள். இரண்டு பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் ஒரு ஆள் நுழையும் இடுக்கு. உள்ளே வெயில் வராது. முதுகைப் பாறையில் ஒட்டிக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்கும். அத்தை கம்பிப்பிடி போட்ட வனஸ்பதி டப்பாவில் தண்ணீரை வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முடிந்ததா என்று கேட்கமாட்டாள். சில நாள் அரைமணி நேரம்கூட அப்படியே நின்றிருக்கிறாள்.

அந்த ஆடியில் எங்கள் வீட்டுக்குக் கக்கூஸ் வந்தது. தெருவிலேயே முதலாவது. கொல்லைப்புறத்தில் நாலடிக்கு நாலடி அறை, சிமெண்டுத் தரை, நடுவில் குழி, தகரக் கதவு. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காததுதான் பாக்கி. தெருப் பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினாள். அம்மாவின் சந்தோஷம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அவள் பிறந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. நிலத்துக்காரர்கள் வரப்பில் முள் வெட்டிப் போடுவார்களாம். இருட்டில் குந்தியிருக்கிற பெண்கள் மேல் கல் விட்டெறிவார்களாம். அம்மாவின் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கக்கூஸ் கட்டி முடித்த அன்று வனஸ்பதி டப்பாவைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம பொண்ணு இனிமே அடுத்தவன் எடத்துல போயி குந்த வேணாம்."

எனக்கு அந்த அறையைப் பார்த்தாலே உடம்பு விறைத்துவிடும். உள்ளே போனால் என் மூச்சுச் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். பினாயில் வாடை கண்ணில் எரியும். குழி எங்கே போகிறது என்று தெரியாது. குந்தினால் என் குடலையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கதவு. ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று தகரத்தை ஓங்கி அடிக்கும். எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. அடித்தால் அந்தச் சத்தம் பல்லுக்குள் போய் இறங்கும்.

மூன்று நாள் நான் போகவில்லை. நாலாம் நாள் அம்மா என்னைத் தூக்கி உள்ளே விட்டு, வெளியே கொக்கியைப் போட்டுவிட்டாள். முடித்துவிட்டுச் சொன்னால்தான் திறப்பேன் என்றாள். அவளுக்கு அது பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையைத் திருத்துகிற வழி. காற்று கதவை அடித்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கத்த வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, சத்தம் வந்த ஞாபகம் இல்லை. அத்தை ஓடிவந்து கொக்கியை எடுத்தபோது நான் மூலையில் சுவரோடு ஒட்டிக்கிடந்தேனாம். அம்மாவுக்கும் அத்தைக்கும் அன்றைக்குப் பெரிய வாய்ச்சண்டை. என் பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியும் என்றாள் அம்மா. பிள்ளை இல்லாதவளிடம் அதைச் சொன்னால் அவள் என்ன பதில் பேசுவாள்?

அன்று சாயங்காலம் அடுப்படியில் அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, காலைல பால் வாங்கப் போறப்ப உன்னயும் கூட்டிம்போறேன். பழைய எடத்துக்கே போலாம். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

"மூணு தடவ சொல்லு" என்றேன். ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதாது. அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அதே வார்த்தைகளில் சொன்னாள்.

அப்படித்தான் பத்துப் பதினைந்து நாள் போனது. ஆனால் தினமும் முடியவில்லை. சில நாள் அம்மாவே பாலுக்குப் போய்விடுவாள். சில நாள் பாறைப் பக்கம் ஆள் இருக்கும். போக முடியாத நாள்களில் நான் அடக்கிக்கொண்டேன். அடக்குவது சுலபம். குதிகாலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டால் கொஞ்ச நேரத்தில் வயிறு கேட்பதை விட்டுவிடும். கேட்பதை விட்டுவிட்டதே தவிர, உள்ளே இருந்தது எங்கும் போகவில்லை. வயிறு உப்பிக் கெட்டியானது. சாப்பாடு குறைந்தது. அத்தை கொடுக்கிற சோற்றில் நாலு வாய் மட்டும் இறங்கும். அம்மா கொடுத்தால் அதுவும் இறங்காது.

அம்மா கூழும் கஞ்சியும் அரைவயிறுமாக வளர்ந்தவள். மூன்று வேளையும் அரிசிச்சோறு போட முடிகிற வீட்டில், தான் பெற்ற பிள்ளை தன் கையால் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்கிறாள். நாத்தனார் கையால் மட்டும் வாங்குகிறாள். அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது எனக்கு அவள் பார்வை மட்டும்தான் தெரிந்தது. அத்தை வைத்த தட்டில் நான் சாப்பிடும்போதெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. தெருவே சொம்போடு நின்றது. சாமி கூழை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயில் ஒரு மிடறு ஊற்றினாள். அந்தக் கொழகொழப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் நான் கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். பாவாடை, அம்மாவின் புடவை, பக்கத்தில் நின்றவர்கள் கால் எல்லாம் கூழ். எதிர்வீட்டு மளிகைக்கடை அம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருக்கிறதே என்றாள். பிறகு அம்மாவைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்ட வார்த்தை ஒன்றே ஒன்று: மருந்து.

மருந்து வைப்பது என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் இளசுகள் யாராவது படித்தால் தெரியட்டும். ஒருவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பது நம்பிக்கை. வைத்த மருந்தை வெளியே எடுப்பதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். இன்றும் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் அந்த விளம்பரம் பார்க்கிறேன். யார் கையால் மட்டும் பிள்ளை சாப்பிடுகிறதோ அவர்தான் வைத்திருப்பார் என்று மளிகைக்கடை அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் மகனுக்கும் அப்படித்தான் எடுத்ததாகச் சொன்னாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தைக்குத் தெரியாமல் அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். செஞ்சிக்கு வெளியே ஒரு ஊர். அன்றோடு நான் வெளிக்குப் போய் ஆறு நாள். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் வயிற்றுக்குள் கத்தியை வைத்துத் திருப்பின மாதிரி இருந்தது. எங்கே போகிறோம் என்று மூன்று தடவை கேட்டேன். அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மருந்து எடுக்கிறவள் ஒரு பெரிய உடம்புக்காரி. வெற்றிலை போட்ட வாய். குளிர்ந்த கை. முற்றத்தில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் பாயில் படுக்க வைத்தார்கள். அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி கால்களைப் பிடித்துக்கொண்டாள். தொடுவதே எனக்கு ஆகாது என்று சொன்னேனே, அன்றைக்கு மூன்று பேர் என்னைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு பித்தளைக் குழாயை என் தொப்புள் பக்கத்தில் வைத்து அழுத்தி, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சினாள். அழுத்திய இடத்தில்தான் ஆறு நாள் கெட்டிப்பட்டுக் கிடந்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவள் நிமிர்ந்து ஒரு எவர்சில்வர் தட்டில் துப்பினாள். கறுப்பாக, மயிர் ஒட்டிய ஒரு உருண்டை. அம்மா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உருண்டை மருந்து எடுத்தவளின் கன்னத்திலேயே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

பாதிதான் வந்திருக்கிறது என்றாள் அவள். கொடுத்தவர் யார் என்று பிள்ளை வாயாலேயே சொன்னால் மீதி தானாகக் கரைந்துவிடும். சொல்லாவிட்டால் மறுபடி உறிஞ்சவேண்டும். குழாயை என் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டே கேட்டாள். வைத்தது வெளியாளா, வீட்டாளா? எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டாள்தான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். குழாய் லேசாக அழுந்தியது.

"உங்க அத்தையா?"

நான் தலையாட்டினேன்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்று சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். வரும். கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. அத்தை என் சோற்றில் உப்பைத் தவிர எதையும் வைக்கவில்லை என்றும் தெரியும். தலையாட்டினால் குழாய் போய்விடும் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஆட்டினேன். குழாய் போய்விட்டது. அம்மா என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்ததைத் துடைக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆபீசிலிருந்து வந்திருந்தார். அத்தை எனக்குச் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்திருந்தாள். அம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள். தெருநாய் வந்து தின்றது. அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததை நைனாவிடம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பிள்ளையே வாயால் சொல்லிவிட்டாள் என்று முடித்தாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம். பிள்ளை கக்கூசுக்குப் பயந்து அடக்கி வைத்திருக்கிறாள், அதுதான் நோய், நான்தான் பாறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் வாயைத் திறந்தாள். என் கண் அதற்குள் கொல்லைப்புறத் தகரக் கதவுக்குப் போய்விட்டது. காற்றில் அது அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அத்தை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு இதை மட்டும் சொன்னாள்:

"அந்தக் கொழந்த வயித்துக்கு நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

நைனா நல்லவர். ஆபீசில் யாரிடமும் கை நீட்டாதவர். ஆனால் அன்றைக்கு அவர் தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் கொஞ்ச நாள் அவலூர்பேட்டையில் சித்தப்பா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்றார். டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அத்தை பின்னால் போனாள். வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து, "தண்ணி நெறைய குடி பாப்பா" என்றாள். அதுகூட அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று முழுக்க எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது பூராவும் பயம்தான். மருந்து எடுத்தாகிவிட்டது, இனி பிள்ளை தானாகச் சாப்பிடும் என்று அம்மா காத்திருந்தாள். குழம்புச்சோறு, முட்டை, மீன் என்று ஆசை ஆசையாகச் செய்து கொண்டுவந்தாள். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். பாறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. தனியாகப் போகலாம் என்று ஒருநாள் தெருமுனை வரை போனேன். குரங்குக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். எட்டாம் நாளிலிருந்து கெட்டியானதைச் சுற்றித் தண்ணீராகக் கசிய ஆரம்பித்தது. எனக்குத் தெரியாமலே பாவாடையில் கறை. நான் அதை ஒளித்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்து, வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்த மாதுளைத் தோல் கஷாயம் கொடுத்தாள். ஏற்கனவே அடைத்துக்கிடந்ததை இன்னும் இறுக்கிவிட்டாள், பாவம். செத்துப்போய்விடுவேன் என்று எனக்குத் தோன்றியது. அத்தைமேல் பொய் சொன்னதற்காகத்தான் சாகப்போகிறேன் என்றும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் பிழைத்துக்கொள்வேனோ என்று யோசித்தேன். சொன்னால் பாறைக்குப் போன கதையும் வெளியே வரும். தகரக் கதவுக்குள் கொக்கி போட்டுவிடுவார்கள். அதற்கு இது தேவலை என்று இருந்துவிட்டேன்.

பதினோராம் நாள் பச்சையாக வாந்தி எடுத்து மயங்கி விழுந்தேன். நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஒரு டாக்டரம்மா. வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். தொடுவதற்கு முன்னால் தொடப்போகிறேன் என்று சொன்னாள். அதற்காக அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எனிமா கொடுத்தார்கள். இரண்டு நாள் கொடுத்தார்கள். அந்த வலியை எழுதினால் நீங்கள் சாப்பிட முடியாது, விட்டுவிடுகிறேன். எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எத்தன நாளா போகலன்னு கூடத் தெரியாதா? இதுக்கு முன்னாடி பாப்பாவ யாரு பாத்துக்கிட்டாங்க?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க அத்தை" என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் சுத்தியல் சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அம்மா தகரக் கதவின் கீலை அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றித் தெருவில் போட்டுவிட்டு, தன் பழைய நூல்புடவையை மடித்து அந்த இடத்தில் தொங்கவிட்டாள். என்னைக் கூப்பிட்டு உள்ளே விட்டு, தான் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நைனா அவலூர்பேட்டைக்குப் போய் அத்தையைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. அங்கே ஒரு தையல்கடையில் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். "இருக்கட்டும்ணா" என்று மட்டும் சொன்னாளாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா நைனாவிடம் ஒரு புடவை கொடுத்தனுப்புவாள். அத்தை வாங்கிக்கொள்வாள். கட்டினாளா என்று தெரியாது. அம்மாவின் சாவுக்கு அத்தை வந்தாள், கடைசி வரை இருந்தாள், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் அன்றைக்கும் பேசவில்லை. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம்தான் கிளம்பினேன். பஸ்ஸில் போகவேண்டும் என்றால் எனக்கு முதல்நாளே சாப்பாடு நின்றுவிடும். வழியில் வந்துவிட்டால் எங்கே போவது என்ற பயம் இந்த வயதிலும் போகவில்லை. அத்தை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். கண் மங்கிவிட்டது, காஜா எடுப்பதில்லை. வா பாப்பா என்று கூப்பிட்டாள். என்னைப் பாப்பா என்று கூப்பிட வேறு ஆள் இல்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீ ஒண்ணும் வைக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தலையாட்டினேன்."

"எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாள். "பயந்துட்ட. கொழந்ததானே."

"நீ ஏன் பாறைக்குப் போனத சொல்லல?"

"சொல்ல மாட்டேன்னு மூணு தடவ சொன்னேனே."

அவ்வளவுதான். அழுகையோ கட்டிப்பிடிப்பதோ இல்லை. இரண்டு பேருக்குமே அது ஒத்துவராது. எனக்கு லேசாகிவிட்டது என்றே நினைத்தேன். நாற்பத்து நாலு வருடம் வயிற்றில் கிடந்தது ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது, இவ்வளவுதானா என்றிருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி உள்ளே வந்து நின்றாள். ஐந்து வயது இருக்கும். அத்தை டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். எடுத்ததும் குழந்தையிடம் கொடுக்கவில்லை. ஒரு முனையை ஒடித்துத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். குழந்தை பேசாமல் காத்துக்கொண்டு நின்றது, பழக்கப்பட்டிருக்கும். விழுங்கி முடித்த பிறகுதான் மீதியைக் கொடுத்தாள். குழந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது.

ஏன் அத்தை அப்படி என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே அந்தப் பழைய இறுக்கம். இந்தத் தடவை அது பசி இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

"யார் வூட்டுப் புள்ளைக்குக் குடுத்தாலும் அப்படித்தான். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நாமளே தின்னு காட்டிடணும்" என்றாள். ரேஷன் கடைக்குக் கார்டு எடுத்துப்போக வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை.

பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்தாள். தட்டை என் முன்னால் வைத்து, ஓரத்திலிருந்து ஒரு விள்ளல் பிய்த்தாள்.

"எனக்கு வேணாம் அத்தை. எனக்கு நீ தின்னு காட்ட வேணாம்" என்று அவள் கையைப் பிடித்தேன். யாரையும் நானாகத் தொடாதவள், பிடித்தேன்.

"இருக்கட்டும்" என்றாள். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, விள்ளலை வாயில் போட்டாள். பல் பாதி போன வாய். மெல்ல நேரமாயிற்று. விழுங்கிய பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, சாப்பிடு என்றாள்.